லஸ்ஹர் பத்த வைத்த வண்டி

மஹ்தியா துறைமுகத்தில் லஸ்ஹர் மாதிரி வண்டியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவன் கிடையாது. பார்த்துப் பார்த்துத்தான் கெடுத்தான், பாவி மனுஷன்! மீன் பெட்டிகளை இறக்கியதும் கடல் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றித் தினமும் கழுவுவான். அவன் அப்பா படகை அப்படித்தான் கழுவினார். படகு மரம், வண்டி இரும்பு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளா அவன்?

ஒருநாள் சந்தைக்குப் போகிற வழியில் மனைவி ஜலீலாவின் கால் வண்டித் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிட்டது. செருப்பு ரோட்டோடு போயிற்று.

"இதைக் காயலாங்கடையில போட்டுத் தொலை. இனி நான் இதுல ஏறினா என்னை ஏன்னு கேளு!"

எப்படிப் போடுவான்? கல்யாணத்தன்று அவளை அழைத்துவந்த வண்டி அது. பின்னால் மேளக்காரர்கள், முன்சீட்டில் அவள், ஊரெல்லாம் குலவைச் சத்தம். என்ன நாள் அது! இப்போது எஃப்.சி. காட்ட வேண்டிய மாதம் வேறு வந்துவிட்டது. தேறாவிட்டால் வண்டியை உடைக்கத்தான் அனுப்ப வேண்டும்.

துறைமுகத்து வெல்டர் முன்சிஃப் அவனோடு பள்ளியில் படித்தவன். குனிந்து அடியில் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"டேய், இது இரும்பு இல்லடா, ரஸ்க்கு. நான் தொட மாட்டேன். மெஷின் தரேன், நீயே பத்த வச்சுக்கோ."

தாத்தாவாகிவிட்ட வயதில் லஸ்ஹர் வெல்டிங் ராடைக் கையில் பிடித்தான். எடுத்த எடுப்பில் கரண்டை முழுசாக வைத்து இழுத்தான். காசளவு ஓட்டை தட்டளவு ஆனது. முகமூடி போடாமல் வெளிச்சத்தைப் பார்த்ததில் கண் வீங்கிவிட்டது. ஜலீலா உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் வைத்தாள், வசவோடு.

"ஓட்டையை அடைக்கப் போனியா, பெருசாக்கப் போனியா?"

முன்சிஃபுக்கே பொறுக்கவில்லை. "துருவுல எதுவும் ஒட்டாதுடா. நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டு. கரண்டைக் குறை. கோடா இழுக்காத, புள்ளி புள்ளியா வை" என்றான்.

நல்ல இரும்பைத் தேடி வெட்ட வெட்டத் தரை போயிற்று, பக்கத் தகடு போயிற்று, கதவின் அடிப்பாதி போயிற்று. பழைய ஆலிவ் எண்ணெய் பீப்பாயை வெட்டி ஒட்டுப் போட்டான். எவ்வளவு கழுவியும் சூடுபட்டதும் எண்ணெய் வாடை தெருவைத் தூக்கியது.

ஜலீலா ஜன்னல் வழியே கத்தினாள்: "அங்க என்ன, மீனா பொரிக்கிற?"

எஃப்.சி. அதிகாரி திருப்புளியால் ஒவ்வொரு ஒட்டுத் தகட்டையும் குத்திக் குத்திப் பார்த்தார். லஸ்ஹருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பார்க்கச் சகிக்கல. ஆனா அசைய மாட்டேங்குது" என்று முத்திரை குத்தினார்.

வாசலில் வண்டி நின்றதும் ஜலீலா வந்தாள். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"தரை புதுசு, கதவு பாதி புதுசு, மிச்சமெல்லாம் எண்ணெய் பீப்பாய். நான் கல்யாணமாகி வந்த வண்டி இதுல எங்க இருக்கு?"

வெட்டிய நாளெல்லாம் அவனைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது. கண் கலங்கிவிட்டது.

"அட, இதுக்குப் போய் அழுவியா? அன்னைக்கு வந்த பொண்ணு மட்டும் அப்படியேவா இருக்கா? முன்பல்லு நாலும் டாக்டர் கட்டினது. எடு வண்டிய."