கூழ் இந்தப் பக்கம், கருவாடு அந்தப் பக்கம்

வேம்புலியம்மாள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; சண்டை வந்தால் பெயரைச் சொல்லியே திட்டியிருக்கிறேன். அவளும் என்னைத் திட்டாத வாரம் கிடையாது.

முகப்பேரில் பிறந்து முகப்பேரிலேயே வாழ்ந்தவள். வயசுப் பெண்ணாக இருந்தபோது இங்கே நாற்று நட்டாள். ஹவுசிங் போர்டு நிலத்தை எடுத்து வீடு கட்டத் தொடங்கியதும், அதே இடத்தில் சித்தாளாகச் செங்கல் சுமந்தாள். வயலெல்லாம் போயிற்றே என்று யாராவது வருத்தப்பட்டால் அவளுக்குப் பிடிக்காது. "சேத்துல குனிஞ்சவளுக்குத்தான் தெரியும். நீ வரப்புல குந்திகினு இருந்தவ, பேசாத" என்று வாயை அடைத்துவிடுவாள். குழாய்த் தண்ணீர், தெரு விளக்கு, முனைக்கு வரும் பஸ் எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிடித்தது ஓட்டல்.

ரோட்டில் எந்தக் கடை புதிதாகத் திறந்தாலும் முதல் நாளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் விவரம் சொல்லுவாள். சுலைமான் பாய் பிரியாணிக் கடை போட்டபோது திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போன முதல் பொம்பளை அவள்தான். "இன்னாம்மா, பார்சலா?" என்று பாய் கேட்டிருக்கிறார். "ஏன், உன் பெஞ்சு என்னைத் தாங்காதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

எங்கள் வீட்டுக்கு எதிரில் முனையில் ஒரு வேப்பமரம். அவள் மகள் கஸ்தூரிக்குக் குழந்தையாக இருக்கும்போது அம்மை போட்டுப் பிழைக்கமாட்டாள் என்ற நிலை. அந்த மரத்தடியில் விழுந்து, "ஆத்தா, எம் புள்ளைய உட்டுடு. ஆடிக்கு ஆடி இங்கியே உனக்குக் கூழ் ஊத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாள். கஸ்தூரி பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரு ஆடி தவறவில்லை. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, அண்டாவுக்கு வேப்பிலை கட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவாள். கூடவே கருவாட்டுக் குழம்பு. எங்கள் பக்கம் கருவாடு இல்லாமல் ஆத்தாளுக்குக் கூழ் படைப்பது கிடையாது.

அந்த மரத்தோடு சேர்ந்த மனையை மனோகரன் என்பவர் வாங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் காலம் கழித்து, ஓய்வு பெற்றதும் கீழே ஓட்டல், மேலே வீடு என்று கட்டினார். மரத்தை வெட்டவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஆனால் மரத்தைச் சுற்றி வாசல் முழுக்க சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார். அந்தக் கட்டடத்துக்கும் வேம்புலியக்காதான் மணல் சுமந்தாள். "தோசைக்கல்லு வாங்கியாந்து கீறாரு, நம்ப கதவத்தனை பெருசு" என்று வந்து சொன்னாள். திறந்ததும் முதல் தோசை அவளுக்குத்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பச்சை எழுத்தில் பலகை மாட்டினார்கள். எனக்கு எழுத்து தெரியாது. சுத்த சைவம் என்று போட்டிருப்பதாகக் கஸ்தூரி சொன்னாள். எல்லாம் முடிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் கடை திறப்பார்கள்? ஆவணிக்குக் காத்திருந்தார்கள்.

அந்த வருடம் கஸ்தூரி தலைச்சன் பிள்ளை உண்டாகி, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அதனால் வேம்புலியக்காவுக்குக் கூழைப் பற்றி எப்போதையும்விடக் கவலை. என்னையும் இழுத்துக்கொண்டு மனோகரனிடம் போனாள்.

"சார், வர்ற ஞாயித்துக்கெழமை மரத்தடில கூழ் ஊத்தணும். வருசா வருசம் ஊத்துறதுதான்."

"தாராளமா ஊத்துங்க. சாமி காரியம்லா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கருவாடும் உண்டுன்னு சொன்னாவ. அது மட்டும் வேண்டாம்மா. சைவக் கடை வாசல்ல கருவாட்டு வாடை வந்தா நாளைக்கு எவன் உள்ள வருவான்?"

"தொறக்க இன்னும் நாள் கீதே. காத்துல பூடும்."

"சுண்ணாம்பு இன்னும் காயல. சுவத்துல பிடிச்சிரும்."

"உன் சுவத்துக்கு மணல் சுமந்ததே நான்தான் நைனா. அன்னாடம் கருவாடு துன்னுட்டுத்தான் வந்தேன். அப்போ புடிக்கலியா?"

பின்னால் நின்ற அவர் மனைவி லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "கூழ் ஊத்துங்க. கருவாடு வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

"அப்போ ரோட்டுல ஊத்திக்கிறேன். ரோடு உன்னுது இல்ல."

அடுத்த தெருக் கோயிலில் ஊற்றேன், இந்த ஒரு வருடம் கருவாட்டை விட்டுவிடேன் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "வாக்கு தவறி, எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ வந்து நிப்பியா?" என்று எல்லோரையும் கேட்டாள். விடாதே அக்கா என்று சொன்னவள் நான் ஒருத்திதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிமெண்டுத் தளத்தைத் தாண்டி, ரோட்டு ஓரத்தில் செங்கல் வைத்து அடுப்பு மூட்டினோம். வேப்பமரத்து நிழல் அதுவரைக்கும் வந்தது. அது போதும் என்றாள். அவள் கூழ் துழாவ, நான் பக்கத்து அடுப்பில் கருவாட்டுக் குழம்பைப் பார்த்துக்கொண்டேன். கஸ்தூரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பஸ்ஸும் உரசுகிற மாதிரி போனது. ஒரு ஜல்லி லாரி போன காற்றில் அடுப்புத் தீ வேம்புலியக்காவின் புடவைப் பக்கம் சாய்ந்தது. அவள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு மறுபடி துழாவினாள்.

மாடியிலிருந்து லோகநாயகி ஓடிவந்தாள். "அக்கா, மாசமா இருக்க பிள்ளையை வச்சிக்கிட்டு ரோட்டுலயா நிக்கிய? உள்ள வாங்க."

"கருவாடு கீதும்மா" என்றாள் வேம்புலியக்கா, தலை நிமிராமல்.

பின்னாலேயே மனோகரனும் இறங்கி வந்தார். லாரி போன திசையைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார். அண்டாவின் ஒரு காதைத் துண்டால் பிடித்துக்கொண்டார். "தூக்குங்க. குழம்பையும் எடுத்துட்டு வாங்க. வாடை அடிச்சா அடிக்கட்டும், மறுபடி வெள்ளையடிச்சுக்கிடுதேன்."

மரத்தடியில் அண்டா இறங்கியது. வேம்புலியக்கா இலை போட்டு, ஆத்தாளுக்குக் கூழும் ஒரு கரண்டி கருவாடும் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மனோகரன் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூச்சையும் பிடித்துக்கொண்டாரோ என்னவோ.

கற்பூரம் அணைந்ததும் அவள் என்னிடம் திரும்பினாள். "கருவாட்டுச் சட்டிய உன் ஊட்டுக்கு எடுத்துகினு போ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னாத்துக்கு? அவருதான் ஒத்துகினாரே?"

"ஒத்துகினாரே, அதுக்குத்தான். படைச்சாச்சு. மிச்சம் அங்க இருக்கட்டும். போ."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனேன். அப்புறம் என்ன, கூழ் இந்தப் பக்கம், கருவாடு அந்தப் பக்கம். கிண்ணமும் சொம்புமாக ஜனங்கள் கூழை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார்கள். பஸ்காரர்கள் ஆரன் அடித்தே ஓய்ந்தார்கள். கடைசியில் மனோகரனே நடு ரோட்டில் நின்று கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார்.

"இன்னா சார், சைவக் கடை வச்சிகினு கருவாட்டுக்கு வழி உடுற?" என்று யாரோ சீண்டினார்கள்.

"பேசாம ரோட்டைப் பாத்துப் போவும்வே" என்றார்.

கஸ்தூரிக்கும் கருவாட்டு மேல் ஆசை. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். அவள் என் வாசற்படி ஏறும்வரை அவர் கையை இறக்கவில்லை. பஸ் நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிக்க வச்சிட்டீங்க, எனக்கும் கூழ் கெடைக்குமா?" என்று கேட்டான்.

வேம்புலியக்கா ஒரு சொம்பு நிறைய ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கருவாடு?"

"எறங்கி எதிர் ஊட்டுக்குப் போப்பா" என்றாள். "இது சைவக் கடை."