பிக், பிக்கர், பிக்கஸ்டஸ்ட்

மாமல்லபுரத்தில் ஜோடியாகப் பேசிய கைடுகள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கடற்கரைக் குப்பத்துக்காரன். நான் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தவன்.

வெயிலில் வாடிப்போன வெளிநாட்டுக்காரர்களைச் சிரிக்கவைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே நின்று "பிக்" என்பேன். கையை விரித்து "மோர் பிக்கர்." இன்னும் விரித்து "மோஸ்ட் பிக்கஸ்டஸ்ட்!" அவன் தலையில் அடித்துக்கொண்டு, "ஒன்லி பிக்கஸ்ட், மேன்!" என்று திருத்துவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

தமிழில் இந்த வேடிக்கை நடக்காது. நமக்குப் பெரிசு என்றால் பெரிசுதான். 'அதைவிட', 'எல்லாத்தையும்விட' என்று முன்னால் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் சொல்லுக்கே வால் முளைக்கும். ஒரு வால் கூடுதலாக வைத்தால் போதும், சின்ன வயதில் தாங்களும் அப்படி உளறிய ஞாபகத்தில் அவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாலே ஒட்டாத 'பியூட்டிஃபுல்'லை 'பியூட்டிஃபுல்லஸ்ட்' ஆக்கினால் இன்னும் எடுபடும். இதையெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தது நான். எங்கே திருத்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். முட்டாள் வேஷம் எனக்கு நன்றாக வந்ததால் அதை நானே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலா கம்பெனியின் மேனேஜர் வந்தார். எங்கள் பேச்சைக் கடைசிவரை ரசித்தார். அவருக்கு மாதச் சம்பளத்தில் ஒரே ஒரு கைடு வேண்டும். அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது என்கிற பிழைப்பிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேனேஜர் என்னைக் காட்டி அவனிடம் கேட்டார். "இவருக்கு நிஜமாவே இங்கிலீஷ் இவ்வளவுதானா?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "இன்னா சார் பண்றது, அவ்ளோதான் வருது. நான்தான் இஸ்துகினு போறேன்."

மேனேஜர் முன்னால் போய் நின்று, என் படிப்பையும், இந்த வேஷம் முழுக்க நானே யோசித்தது என்பதையும் பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். முதலில் சிரித்தது அவன்தான். கை வேறு தட்டினான்.

"பாருங்க சார், இதையும் நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன்."

மேனேஜரும் சிரித்தார். என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவனை மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார். பாவி, தலையாட்டினான்.

நான் பஸ்ஸில் திரும்பும்போது அவன் போன் செய்தான். "கோச்சிக்காத மச்சான். உனக்குப் படிப்பு கீது, எங்கனா போய்ப் பொயச்சிக்குவ."

எனக்குப் படிப்பு இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னது அப்போதுதான். கேட்க நான் மட்டுமே இருந்தேன்.