சரிவில் நின்ற வண்டி

லூர்தம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அவரோடு மருத்துவ வண்டியில் ஓடிய டிரைவர் பாண்டுரங்கனுக்கு இது நன்றாகத் தெரியும். சிஸ்டர் கத்தினால் கவலைப்படாமல் பீடி பற்றவைப்பார். மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பீடியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துகொள்வார்.

தண்டலத்துக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர் லூர்தம்மாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் நிலத்தில் வேலை. அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊருக்குள் தடுப்பு மருந்து முகாம் போட்டார்கள். அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். முடித்தபோது மருந்தும் முடிந்திருந்தது. அந்தக் குழந்தை, லூர்தம்மாளின் கடைசித் தம்பி சவரி, இன்றும் வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்துத்தான் நடக்கிறான். தலைவிதி என்றது ஊர். கடவுள் சித்தம் என்றார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார். மனிதன் போட்ட வரிசைக்கு மேலே இருப்பவர் மீது பழியைப் போடுவதில் இரண்டு மதமும் ஒற்றுமையாக இருந்தன. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்து வெளியே வந்த லூர்தம்மாள் இந்த இரண்டு பதிலையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

1991இல் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை கிராமங்களுக்கு மருத்துவ வண்டி விட முடிவு செய்தது. வண்டி புதிதல்ல. அந்தத் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர், விடுமுறைகளில் ஊர் சுற்றுவதற்காக ஒரு மெட்டடார் வேனை வீடு மாதிரி மாற்றி வைத்திருந்தார். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, கை கழுவும் தொட்டி, காஸில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ். ஊர் திரும்பும்போது வேனைத் தொழிற்சாலைக்கே கொடுத்துவிட்டார். அவர் தூங்கிய படுக்கையில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். பியர் குளிர்ந்த ஃப்ரிட்ஜில் போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை ஊசியும் குளிர்ந்தன. முகாம் நேரத்துக்கு மட்டும் ஒரு டாக்டர் வந்து போவார். வண்டிக்குப் பொறுப்பு லூர்தம்மாள். அவருக்கு மேலே, தொழிற்சாலைப் பராமரிப்பு எஞ்சினியர் நரசிம்மன்.

ஃப்ரிட்ஜ் பழையது, துருவேறியது, அதிக நாள் தாங்காது என்று ஜெர்மன்காரரே சொல்லியிருந்தார். புரட்டாசியில் அடுத்த இயந்திரத்தோடு திரும்பி வரும்போது புதிதாக ஒன்று கொண்டுவருகிறேன், காஸில் ஓடுவது வேண்டுமா, பேட்டரியில் கம்ப்ரஸர் வைத்து ஓடுவது வேண்டுமா, அதற்குள் சொல்லுங்கள் என்றார். ஒன்றுதான். டாலர் இல்லாமல் நாடே திண்டாடிய வருஷம் அது. வெளிநாட்டுச் சாமானை மாற்றிக் கேட்க வழியில்லை.

வண்டி வாரத்தில் இரண்டு நாள் சுற்றும். ஒரகடம் சாலையை விட்டு உள்ளே, ஏரிக்கரையோரம் இருக்கும் சிற்றேரிப்பாக்கத்தில் இரவு தங்கி, காலையில் அங்கே முகாமை முடித்துக்கொண்டு மற்ற ஊர்களுக்குப் போகும். தங்குவது ஊரில் அல்ல, காலனியில். லூர்தம்மாள் போட்ட ஏற்பாடு அது. காலனிக்கு முதலில், ஊருக்கு அடுத்து.

முதல் வாரமே காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெயில் நேரத்துத் தண்ணீர்ப் பானை அளவுக்குத்தான் குளிர்ச்சி. எட்டு டிகிரிக்கு மேல் போன மருந்து மருந்தல்ல. அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. அடியில் காஸ் சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காகக் குளிர்ந்தது. மறு வாரம் காலனியில் மறுபடியும் சூடு.

மூன்றாவது வாரம் நரசிம்மனே கூட வந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு, எந்த வண்டியையும் போலீஸ் சும்மா விடுவதில்லை. காஸ் சிலிண்டரை இறக்கச் சொல்லி, அடியில் தட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள்.

"இன்னாய்யா இது, சிலிண்டர வெச்சிகினு ஊசி போடப் போறியா?" என்றார் ஏட்டு.

"ஊசி போட்டப்புறம் டீ போட்டுக் குடுப்போம் சார்" என்றார் பாண்டுரங்கன்.

முதலில் ஊர்க் களத்தில், சிமெண்ட் தரையில் நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு டிகிரி. பிறகு காலனிக்குப் போனார்கள். காலனி ஏரிக்கரையின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரார் வேண்டாமென்று விட்ட நிலம் அதுதான். மத்தியானத்துக்குள் முள் பதினைந்தைத் தொட்டது. நரசிம்மன் கொத்தனாரின் ரசமட்டத்தை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். உள்ளேயிருந்த குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"இதான் விஷயம்" என்றார். "இதுல மோட்டாரே கிடையாது. அடியில சூடு பண்ணினா அமோனியா ஆவியாகி மேல போகும், குளிர்ந்து தானா கீழே வழியும். எல்லாம் வழியறதுலதான் இருக்கு. பெட்டி சாஞ்சா ஒரு மூலையில தேங்கிடும். குளிராது."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜோதி முன்னால் வந்தாள். காலனிக்காரி, இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை.

"இன்னா சார் சொல்றீங்க? அடில நெருப்பு எரிஞ்சா மேல குளிருமா? எங்க வூட்ல நெருப்பு எரிஞ்சா சோறுதான் வேவுது."

"உங்க வூட்ல சோறு வேவுற அழகு தெரியாதா?" என்றார் பாண்டுரங்கன். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

லூர்தம்மாள் சிரிக்கவில்லை. "பெட்டிய மட்டும் நேரா நிமித்தி வைக்க முடியாதா சார்?"

"வண்டி உடம்போட சேர்த்து போல்ட் போட்டிருக்கு சிஸ்டர். புகைக்குழாய் பக்கச் சுவர் வழியா போகுது. அசைச்சா புகை உள்ள வரும். அதைவிட வண்டியை இனிமே களத்துலயே நிறுத்திடுங்க. சுலபம்."

அடுத்த வாரம் லூர்தம்மாள் சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்துப் பார்த்தார். காலனி ஆண்கள் வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். நிமிர்ந்தது, குளிர்ந்தது. அன்று சாயங்காலம் ஒரு மழை. செங்கல் சேற்றில் இறங்கிப் பழைய சாய்வு வந்துவிட்டது. சரி, கரையோரம் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு மண்ணைச் செதுக்கிக் கொடுக்கிறோம் என்றார்கள் ஆண்கள். மண்வெட்டி எடுத்த அன்றே ஊர்ப் பெரியதனக்காரர் கன்னியப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏரிப் பொறம்போக்குல கை வெக்கிறீங்களே, கேஸ் ஆவும் தெரியுமா?" என்றார். பிறகு லூர்தம்மாள் பக்கம் திரும்பிக் குரலை இனிமையாக்கிக்கொண்டார். "நர்ஸம்மா, களம் சும்மாதான கீது? வண்டிய அங்க வுடுங்க. இவங்கள யாரு வராதன்னாங்க? வரட்டும். மரத்தாண்ட நெழல்ல குந்தட்டும். நம்ம புள்ளைங்களுக்கு ஆனதும் கூப்ட்டுக்கறது."

அவர் பொய் சொல்லவில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. நம் ஊர்களில் அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை. மரத்தடியில் நிழல் தருகிறார்கள்.

"எந்த மரம்?" என்று லூர்தம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"அதோ, அந்தப் புளியமரம்."

பாண்டுரங்கன் பீடியை அணைத்தார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க" என்றார் லூர்தம்மாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

எந்த ஃப்ரிட்ஜ் வேண்டுமென்று வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரருக்கு டெலக்ஸ் அனுப்பியாக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை கேண்டீனில் நரசிம்மன் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். அவர் கெட்ட மனிதர் அல்ல, கெட்டிக்காரர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. காஸ் ஃப்ரிட்ஜுக்குச் சத்தமில்லை, தேய்மானமில்லை, வண்டி நாள் கணக்கில் நின்றாலும் ஓடும். கம்ப்ரஸர் எப்படிச் சாய்ந்தாலும் குளிரும், கத்திரி வெயிலிலும் குளிரும். ஆனால் பேட்டரியைத் தின்னும். லாரி பேட்டரி போட்டாலும் விடியும்போது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி கிளம்பாது.

"நடுக்காட்டுல நின்னுட்டா மத்த ஊருக்கு யார் மருந்து குடுப்பா? ஒரு காலனிக்காக ஆறு ஊரைப் பணயம் வைக்கக்கூடாது சிஸ்டர். காலனிக்கு ஐஸ் பெட்டியில எடுத்துட்டுப் போங்க. பத்து நிமிஷ நடைதானே?"

"வண்டி ஊருக்கு, பெட்டி காலனிக்கு."

"நான் அப்படிச் சொல்லலை."

"டீக்கடையில ரெண்டு கிளாஸ் வைக்கிறவனும் அப்படித்தான் சார் சொல்றான். ரெண்டுலயும் அதே டீதான்னு."

நரசிம்மனுக்கு முகம் சிவந்தது. "ஃப்ரிட்ஜுக்கு ஜாதி கிடையாதும்மா."

"கிடையாது. ஆனா அந்த ஊர்ல சாயாத தரை எல்லாம் யார் கையில இருக்குன்னு நீங்களே பாத்தீங்க. சாயாத தரையிலதான் வேலை செய்வேன்னு சொல்ற ஃப்ரிட்ஜ வாங்கினா, வண்டி எங்க நிக்கணும்னு கன்னியப்பன் முடிவு பண்ணுவாரு. ஐஸ் பெட்டியில மருந்து போவும். படுக்கை போவாது, டாக்டர் போவமாட்டாரு. கடைசில மிச்சம் இருக்கறதுதான் பெட்டில போவும். என் தம்பி கால நீங்க பாத்ததில்ல."

நரசிம்மன் டம்ளரைத் தள்ளி வைத்தார். "காலைல வண்டி கிளம்பலேன்னா?" என்று மறுபடி கேட்டார். "அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. நான் டெலக்ஸ் அனுப்பறேன்."

அந்தப் பதிலைத் தேடி லூர்தம்மாள் அன்றே பாண்டுரங்கனை அழைத்துக்கொண்டு சிற்றேரிப்பாக்கம் காலனிக்குப் போனார். பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். குளிரும், ஆனால் காலையில் வண்டி கிளம்பாது.

ஜோதி தலையிலிருந்த புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். "கெளம்பலன்னா தள்றது. இது ஒரு யோசனையா சிஸ்டர்?"

"ஒரு வாரம் தள்ளுவீங்க. வாராவாரம்?"

"ஊர்த் தேருலதான் எங்க கை படக்கூடாது. மெட்டடார்ல பட்டா தீட்டாயிடுமா இன்னா? வருஷா வருஷம் வேடிக்கதான் பாக்கறோம், இதையாவது இஸ்துப் பாக்கறோம்."

"இஸ்க்க வேணாம்மா, தள்ளு போதும்" என்றார் பாண்டுரங்கன். சொல்லும்போதே அவர் கண் சரிவின் மேல் இருந்தது. மேலே போய் நின்று கீழே பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "சிஸ்டர், இத்தினி நாளா வண்டிய மேலப் பாக்க நிறுத்திகினு இருந்தோம். மூஞ்சிய கீழ வெச்சு நிறுத்துனா நாலு பேர் தொட்டாலே உருண்டுடும். செகண்ட் கியர்ல வுட்டா புடிச்சிக்கும்."

லூர்தம்மாள் தபாலாபீஸ் போனில் நரசிம்மனைக் கூப்பிட்டார். "சரிவை நான் குறையாவே பார்த்துட்டிருந்தேன்" என்றார் நரசிம்மன். மறுநாள் டெலக்ஸ் போனது.

புரட்டாசி கடைசியில் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வந்தது. நரசிம்மன் ஞாயிற்றுக்கிழமை வந்து தன் கையாலேயே பொருத்தினார். லாரி பேட்டரிக்கு ஒரு இரும்புத் தட்டும் அடித்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் முதல் முறையாக அதோடு காலனியில் தங்கினார்கள். காலையில் மழை விட்டு வெயில் வந்திருந்தது. லூர்தம்மாள் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஐந்து டிகிரி. வண்டி நன்றாகச் சாய்ந்து நின்றது. மேசையில் வைத்த பேனா உருண்டு உருண்டு விழுந்தது. ஜோதியின் மகள் சொட்டு மருந்தைத் துப்பினாள். லூர்தம்மாள் தாடையைப் பிடித்து மறுபடி ஊற்றினார். கடைசிக் குழந்தை வரை மருந்து இருந்தது. ஊருக்குத் தனியாகவும் இருந்தது.

பிறகு பாண்டுரங்கன் சாவியைத் திருப்பினார். எதிர்பார்த்தபடியே முனகலோடு சரி.

"வாங்கடி!" என்றாள் ஜோதி. பெண்களும் ஆண்களும் பின்னால் கை வைத்தார்கள். சேற்றில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். வண்டி அசைந்து, உருண்டு, வேகம் பிடித்து, ஓர் உதறலோடு கரும்புகையைக் கக்கிப் பற்றிக்கொண்டது. புகை முழுவதும் தள்ளியவர்கள் முகத்தில். "இன்னா தேரு, இன்னா சாம்பிராணி!" என்று யாரோ கத்தினார்கள்.

களத்தில் கன்னியப்பன் காத்திருந்தார். அவருடைய மருமகள் மரகதம் கைக்குழந்தையோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னா நர்ஸம்மா, இம்மா நேரம்?" என்றார் கன்னியப்பன்.

"காலனில முடிச்சுட்டு வரேன்" என்றார் லூர்தம்மாள்.

"எங்களுக்கு அப்பாலதானா?"

"ஆமா. மருந்து இருக்கு. வெயில்ல நிக்காதீங்க, மரத்தடியில நெழல் இருக்கு. கூப்பிடறேன்."

கன்னியப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் மரகதம் மாமனாரைத் தாண்டி வந்து, வண்டிப் படியில் கால் வைத்து, குழந்தையை நீட்டினாள். அதன் வாயில் லூர்தம்மாள் இரண்டு சொட்டு விட்டார். அது துப்பவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை அணைக்கக்கூடாது என்று பாண்டுரங்கனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. களத்தின் சிமெண்ட் தரையில் சரிவில்லை. அங்கே வண்டியைத் தள்ள யாரும் வருவார்கள் என்று அவர் நம்பவும் இல்லை.