வாப்பா சொன்ன கிராத்தியாஸ்

என் கணவர் மாட்ரிட்டில் ஓர் இந்திய உணவகத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. அதற்கு முன்பு துபாயில் இருந்தார். பெரியபட்டினத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவுதான். ஆனால் ஸ்பெயின் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"இங்கன குடும்பத்தைக் கூட்டிக்கிடலாம்" என்று அவர் போனில் சொன்னார். துபாயில் இருந்த காலத்தில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. "பேப்பர் ரெடியாக நாளாகும். புள்ளைகளுக்கு இங்கன ஸ்பானிஷ்லதான் பாடம். இப்பமே கொஞ்சம் பழக்கி வையி."

நான் கல்லூரியில் படித்தது வணிகவியல். போனில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு, பிள்ளைகள் மதரஸாவுக்குப் போயிருக்கும் காலை நேரத்தில் நான் முதலில் படிப்பேன். சாயங்காலம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அஸர் தொழுகையிலிருந்து மஃரிப் பாங்கு வரைக்கும் வீட்டில் தமிழ் கிடையாது என்று வைத்துக்கொண்டோம். தண்ணீர் வேண்டுமென்றால் "அகுவா" என்று கேட்க வேண்டும். சோறு "அரோஸ்". கையில் வாங்கிக்கொண்டதும் "கிராசியாஸ்", அதாவது நன்றி. மேசைக்கு "மேசா", அலமாரிக்கு "அர்மாரியோ", காலில் போடும் சப்பாத்துக்கு "சப்பாத்தோ" என்று வந்தபோது மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உம்மா, இது நம்ம பேச்சுதானே? அவுக எடுத்துக்கிட்டாகளா?"

"கப்பல்ல வந்தவுக யாராச்சும் விட்டுட்டுப் போயிருப்பாக" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சின்னவன் தெருவிலும் அதையே பேசினான். மீன்காரர் வண்டியை நிறுத்தினால் வாசலுக்கு ஓடி "பெஸ்காதோ! பெஸ்காதோ!" என்று கத்துவான். "ஏலே, அந்த மீனு இன்னைக்கி வரலலே. நகரையும் சீலாவும்தான் கெடக்கு" என்பார் அவர். மீனுக்கே அதுதான் பேர் என்று நான் சொல்லியும் அவர் நம்பவில்லை.

பிள்ளைகள் இவ்வளவு தேறிவிட்டதை என் கணவரிடம் மட்டும் மறைத்து வைத்திருந்தோம். வேலை இடைவெளியில் அவசரமாகப் பேசுகிற மனிதரிடம் போனில் எதைக் காட்டுவது? வாப்பா ஊருக்கு வரும்போது நேரில் பேசிக் காட்டலாம் என்று மகள்தான் சொன்னாள். கேட்டால் அவர் எப்படிச் சிரிப்பார் என்று தம்பிக்கு நடித்தும் காட்டுவாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாத விடுப்பில் வந்தார். வந்த அன்று மதியம் நெய்ச்சோறு ஆக்கியிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் மகள் தண்ணீர்த் தம்ளரை நீட்டி, அவர் எப்படி இருக்கிறார், பயணம் எப்படி இருந்தது என்று ஸ்பானிஷில் மளமளவென்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவருடைய அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாம் தமிழும் இந்தியும் பேசுகிறவர்கள். வெளியே கடைக்குப் போய்வர ஆகிற பேச்சுதான் அவரிடம் இருந்தது. அதையாவது சொல்லுவோம் என்று, தம்ளரை வாங்கிக்கொண்டு, "கிராத்தியாஸ்" என்றார். பிறகு தட்டைக் காட்டி, "அரோத்" என்றார்.

சின்னவன் உருண்டு சிரித்தான். "அரோத் இல்ல வாப்பா, அரோஸ்!" மகளுக்கும் சிரிப்பு. "வாப்பா, நாக்கைக் கடிச்சுக்கிட்டே பேசுறிய. கிரா-சி-யாஸ்."

"அங்கன இப்படித்தாம்மா சொல்லுறாக" என்றார் அவர், மெல்ல.

"இல்ல வாப்பா, போன்ல கேளுங்க." அவள் போனை எடுத்து வந்து அழுத்தினாள். போனில் ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள், "கிராசியாஸ்".

"வாப்பாவைப் பாத்துச் சிரிக்கக் கூடாது" என்று நான் அதட்டினேன். அவர் முகம் அதன் பிறகுதான் வாடியது. "விடு, புள்ளைக சொல்றது சரியாத்தான் இருக்கும். நான் யாருகிட்ட படிச்சேன்?" என்று சோற்றைப் பிசைந்தார்.

அந்த ஒரு மாதமும் அஸர் நேரம் ஆனால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். சின்னவன் வீடெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு "அரோத், அரோத்" என்று திரிந்தான். அடித்தும் பார்த்தேன். மூன்றாம் வாரம் சாயங்காலத் தமிழ்த் தடையை எடுத்துவிட்டேன். அப்போதும் அவர் வீட்டில் தங்கவில்லை. ராமநாதபுரத்தில் அவர் ரயில் ஏறும்போது மகள் ஸ்பானிஷில் விடை சொல்ல வாயெடுத்து, பிறகு, "போய்ட்டு வாங்க வாப்பா" என்றாள்.

சில மாதம் கழித்து அவள் போனில் மாட்ரிட் கடைத்தெருவைக் காட்டும் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் விற்கிற பெண் ஒருத்தி சில்லறை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். மகள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள்.

"உம்மா, இந்தம்மாவும் வாப்பா மாதிரியே கிராத்தியாஸ்ங்குது."

தேடிப் பார்த்தோம். ஸ்பெயினில் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்கள். போன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்க நாடுகளில் பேசுகிற ஸ்பானிஷ். இரண்டும் சரிதான். எங்கள் பிள்ளைகள் போக இருந்த ஊரில் அவர் சொன்னதுதான் வழக்கு.

அன்றைக்கு அவர் அழைக்கும்வரை அவள் சாப்பிடவில்லை. அழைத்ததும், "வாப்பா, நீங்க சொன்னதுதான் சரி, கிராத்தியாஸ்தான்" என்றாள்.

"எதும்மா?"

"அதான் வாப்பா, அன்னைக்கி நெய்ச்சோறு திங்கும்போது..."

"அதெல்லாம் மறந்து போச்சும்மா. பரீட்சை எப்ப?" என்றார்.

மறந்திருக்க மாட்டார். நான் போனை வாங்கி, "மச்சான், அது மனசுல ஒறுத்திக்கிட்டே இருக்கு" என்றேன். "எதுக்குப் போட்டு ஒழப்புற, அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டார்.

குடும்பத்தை அழைக்க வருமானம் இவ்வளவு வேண்டும், வீடு இவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவரால் முடியவில்லை. கடைசியில் மாட்ரிட்டை விட்டு தோஹாவுக்கு மாறிவிட்டார். பிள்ளைகளும் படித்ததை மறந்துவிட்டார்கள். பேச ஆள் இல்லாத மொழி வாயில் எத்தனை நாள் நிற்கும்? நாங்கள் மூன்று பேரும் அதைப் படித்ததே அவரோடு போய் இருப்பதற்கு. அவரோடு அதில் ஒரு வேளைகூடச் சேர்ந்து பேசவில்லை. அந்த ஒரு மாதம் மட்டும் திரும்பக் கிடைத்தால் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

போன பெருநாளுக்கு வந்திருந்தபோது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, "அந்த ஊருப் பேச்சு ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றேன்.

"இப்ப அரபிதான் வாயில வருது" என்று சிரித்துவிட்டு, மகனின் கணக்கு மார்க்கை விசாரிக்கத் தொடங்கினார்.