ஷேர் ஆட்டோவில் ஒரு வழியனுப்பு

மல்காஜ்கிரியில் ஏறிய ஷேர் ஆட்டோ நாச்சாரம் நோக்கிக் குலுங்கிக்கொண்டு போகிறது. இன்டர்வியூவுக்கான பதில்களை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

எதிரே, தமிழ் பேசும் ஒரு அம்மாவின் மடியில் ஒரு சின்னப் பெண். யார் இறங்கினாலும் கைகூப்பி, "போயி ரண்டி" என்று தெலுங்கில் போய்வரச் சொல்கிறாள். இவ்வளவு நேரம் சிடுசிடுத்துக்கொண்டு வந்தவர்கூட இறங்கித் திரும்பி டாட்டா காட்டுகிறார்.

"வீட்டுக்கு வர்றவங்கள வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பணும்னு சொல்லிக் குடுத்தேங்க," என்று நெளிகிறாள் அம்மா. "இவ ஆட்டோவையும் வீடுன்னு நெனச்சுட்டா."

என் இடம் வருகிறது. பதற்றத்தில் இறங்கி விறுவிறுவென்று நடக்கிறேன்.

"அக்கா சொல்லாமப் போறாங்க!" என்று பின்னால் கூச்சல்.

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அரைகுறைத் தமிழில் சிரிக்கிறார். "சொல்லிடுங்க மேடம். பாப்பா ஆர்டர் இல்லாம பண்டி போகாது."

திரும்பிக் கைகூப்புகிறேன். "போய்ட்டு வர்றேன்!"

"போயி ரண்டி!" ஆட்டோவே சேர்ந்து கத்துகிறது. இன்டர்வியூ பயம் போன இடம் தெரியவில்லை. கம்பெனி வாசலில் வாட்ச்மேனுக்கு நானே முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறேன்.