மூன்று நிமிடம் முந்திய முள்

நானும் அவனும் பள்ளிக்கூட நாளிலிருந்தே மணிக்கூட்டுப் பைத்தியங்கள். நான் அரசாங்கப் பொறியியலாளனாக இருந்துகொண்டு பழையவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தேன். அவன் கப்பலில் வேலைபார்த்தான். துறைமுகம் துறைமுகமாக நல்லவற்றை வாங்கினான். என்னுடையவை யுத்தத்தின் கடைசி இடம்பெயர்வில் போய்விட்டன. அவனுடையவை அவனோடு கடலில் பத்திரமாக இருந்தன. அதற்காகவே நெடுங்காலம் அவனை நான் மன்னிக்கவில்லை.

ஓய்வுபெற்று முல்லைத்தீவுக்குத் திரும்பிய சில வருடங்களில் நீரிழிவு அவன் பார்வையைப் பறித்துவிட்டது. மணிக்கூடுகளை ஒவ்வொன்றாக விற்றான். நிலவின் வளர்வும் தேய்வும் காட்டுவது, லீப் வருடத்தைக்கூடத் தானே அறிந்து திகதி மாற்றுவது, எல்லாம் போயின. ஒரு கைமணிக்கூட்டை மட்டும் விற்கவில்லை. அதன் விளிம்பிலுள்ள சிறு நெம்பைத் தள்ளினால் நேரத்தை அடித்துச் சொல்லும். மணிக்குத் தடித்த ஓசை, கால்மணிக்கு இரட்டை ஓசை, மிச்ச நிமிடங்களுக்கு மெல்லிய ஓசை. மின்கலம் கிடையாது; சுருள்வில்லும் பற்சக்கரங்களும் நகக்கண் அளவு இரண்டு சுத்தியல்களும்தான்.

துணுக்காயிலிருந்து பஸ் ஏறி அடிக்கடி போவேன். அவனைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்வேன்.

"போன் தமிழிலயே நேரம் சொல்லுமாம்," என்றேன் ஒருநாள்.

"அதில ஒரு பெட்டையின்ர குரல். என்ர மனிசிக்குப் பிடிக்காது," என்று சிரித்து நெம்பைத் தள்ளினான். பத்து மணி, ஒரு கால், மூன்று நிமிடம். "பாத்தியே மச்சான், கண் போனாப் பிறகும் நான் ஒருத்தரையும் நேரம் கேக்கேல்லை."

பார்வை போன ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? எனக்கு முடிந்தது.

"முள் இருவத்தொண்டில நிக்குது," என்றேன். "மூண்டு நிமிசம் முந்தி நிக்குது மச்சான்."

அவன் முகம் மாறியது. "வடிவாப் பார்."

"பாத்துத்தான் சொல்லுறன். உள்ளுக்கு ஏதோ பல் தேய்ஞ்சிட்டுது. கொழும்பில தெரிஞ்ச ஆள் இருக்கு. தா, குடுத்துப் பாப்பம்."

முள் பதினெட்டில்தான் நின்றது. அவன் மனைவி கடைக்குப் போயிருந்தார். அவர் வருமுன் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கொழும்புக்கு அது போகவேயில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு அடிக்கவிட்டுக் கேட்பேன். அவன் தொலைபேசியில் விசாரித்தால், "சாமான் வெளியில இருந்து வரவேணுமாம்," என்பேன். ஒருநாள் பேச்சின் நடுவே அவன் மனைவியிடம் நேரம் கேட்பது காதில் விழுந்தது. "இப்பதானே சொன்னனான்!" என்று அவர் எரிந்துவிழுந்தார். அதற்குமேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

திருத்தியாயிற்று என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அடிக்கவிட்டுக் கேட்டவன், மனைவியைக் கூப்பிட்டான். "இஞ்சாருமப்பா, முள் எங்க நிக்குது?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "பதினொண்டரை போல," என்றார்.

"எனக்குப் பதினொண்டு இருவத்தேழெல்லே அடிச்சது! பாத்தியே மச்சான், அதே மூண்டு நிமிசம்."

"அவா குத்துமதிப்பாச் சொல்லுறா. சரியாத்தான் நிக்குது."

அவன் தலையாட்டினான், நம்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு தரமும் நெம்பைத் தள்ளியதும் யாரையாவது பார்க்கச் சொன்னான். பிறகு தள்ளுவதையே விட்டுவிட்டான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த நான் அவன் வீட்டுக்குப் போனபோது, அதை என் கையில் வைத்துப் பொத்தினான்.

"நீ வைச்சிரு. உனக்கு முள் தெரியும். எனக்கு இனி இது நம்பேலாத சாமான்."

இத்தனை வருடம் ஆசைப்பட்டது கைக்குள் இருந்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது. "அதில ஒரு பிழையும் இல்லை மச்சான். அண்டைக்கும் முள் சரியாத்தான் நிண்டது. எரிச்சலில நான்தான் பொய் சொன்னனான்."

அவன் சிரித்தான். என் தோளைத் தடவித் தேடித் தட்டினான்.

"நான் திருப்பி எடுக்கவேணும் எண்டதுக்காக உன்னில பழியைப் போடாதை. நீ அப்பிடிச் செய்யிற ஆளே?"