சவுந்தரத்தின் பெயரில் ஒரு கார்

சவுந்தரத்துக்குச் சொந்தமாக ஒரு கார் உண்டு. அவள் அதில் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறாள். இதைச் சொன்னால் தொழிற்சாலை பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருவரும் இருபத்தாறு வருடமாக ஒரே ஷிப்ட். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தம்பி ஹென்றிதான் அவளுக்கு எல்லாம். நான்கு வருடத்துக்கு முன் ஹென்றிக்குக் கார் ஆசை வந்தது. பழைய கடன்களைக் கட்டாமல் விட்டவனை எந்த பேங்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் வந்தான். இங்கே இது புதிதல்ல. நம்மவர்கள் ஓட்டும் கார்களில் எத்தனையோ அக்கா பேரில், மனைவி பேரில்தான் ஓடுகின்றன.

"பேரு மட்டும்தான் உன்னோடதுக்கா. மாசாமாசம் நான் கட்டிருவேன் லா."

அவள் என்னிடம் வந்து கேட்டாள். "சொந்தத் தம்பிதானே, கையெழுத்துப் போடு" என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

கார் வந்த வாரம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு அவளை அதில் கூட்டிப்போனான். ஃபாதர் காருக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வருஷா வருஷம் அழைத்துப்போவதாகச் சொன்னான். மறு வருடத்திலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

இந்த வருடம், ஆயர் ஈத்தாமில் அவள் நெடுநாள் வாடகைக்கு இருக்கும் பிளாட்டை வீட்டுக்காரம்மா விற்க முடிவு செய்தார். இவளே வாங்கிக்கொள்வதானால் இரண்டு மாதம் அவகாசம். சவுந்தரம் குதித்துக்கொண்டு பேங்குக்குப் போனாள், நானும் கூடப் போனேன். படிவத்தில் சொத்துப் பக்கத்தில் ஈ.பி.எஃப். சேமிப்பையும் தன் சங்கிலியையும் எழுதினாள். கடன் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினாள். காரை எந்தப் பக்கமும் எழுதவில்லை. அது ஹென்றியின் கார் அல்லவா!

பேங்கில் இருந்த காமினி என்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, உங்க பேருல காடி லோன் ஒண்ணு இருக்கே. அஞ்சு மாசமா கட்டல."

"அது என் தம்பி காடிம்மா."

"பேங்குக்குத் தம்பியெல்லாம் தெரியாதுக்கா. இன்னிக்கு காடிய வித்தா முப்பதாயிரம் வெள்ளி வரும். கடன் நாப்பத்து மூணாயிரம் நிக்குது. உங்களுக்கு இது சொத்து இல்லக்கா, கடன்தான்."

வீட்டுக்கடன் கிடைக்கவில்லை. பேங்க் வாசலிலேயே ஹென்றிக்குப் போன் போட்டாள். அவன் அசரவே இல்லை.

"கையில காசு இல்லக்கா. காடிய பேர் மாத்தாம அலோர் ஸ்டார்ல ஒருத்தன்கிட்ட சம்போங் பாயாருக்குக் குடுத்துட்டேன். ஆறாயிரம் தந்தான். மிச்ச தவணை அவன்தான் கட்டணும். இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடா."

"ஒரு காடிக்குப் போய் இப்படிக் கத்துறியே!"

அவள் கத்தவே இல்லை. ஆறாயிரம் வெள்ளிக்கு அக்காவை விற்றுவிட்டான். நான் அப்படித்தான் சொல்வேன்.

பிளாட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். வருடக் கடைசிக்குள் இவள் காலி செய்ய வேண்டும். கார் எங்கே என்று தெரியவில்லை. வேகமாக ஓட்டியதற்கான சம்மன் மட்டும் வடக்கிலிருந்து தவறாமல் இவள் பேருக்கு வருகிறது.

போன வாரம் அவளை ஈ.பி.எஃப். அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் காலத்துக்குப் பிறகு அந்தச் சேமிப்பு ஹென்றிக்குப் போகும்படி என்றோ எழுதி வைத்திருந்தாள். அதையாவது மாற்றட்டும் என்று எனக்கு ஆத்திரம். புதிய படிவத்தில் தன் பெயரை எழுதினாள், அடையாள அட்டை எண்ணை எழுதினாள். வாரிசின் பெயர் கேட்ட கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"வேற யாரு பேரப் போடுறது?" என்று என்னைக் கேட்டாள்.

காருக்குக் கையெழுத்துக் கேட்ட அன்று உடனே பதில் சொன்ன நான், இப்போது கவுண்டர் மேலிருந்த எண் பலகையைப் பார்த்தேன். அவள் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதாள். பழைய படிவத்தில் ஹென்றியின் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.